எட்டு பைட் மறந்த அடுப்பு

பொங்கல் லீவுக்குப் பூம்புகார் போயிருந்தேன். பையைக் கீழே வைப்பதற்குள் அம்மா சொன்ன முதல் விஷயம் இதுதான்: "தம்பி, அந்தப் பொட்டிக்கு ஞாபகம் போயிடுச்சுப்பா. மணி மட்டும் காட்டுது, பால் சுட வைக்க மாட்டேங்குது."

பெட்டி என்றால் மைக்ரோவேவ் அடுப்பு. ஞாபகம் போச்சு என்று அம்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். பிரித்துப் பார்த்தபோது அது அப்படியே உண்மையாக இருந்தது. இந்தப் பதிவு அந்த ரிப்பேரைப் பற்றியது. அதைவிட, அந்த ரிப்பேர் என்னை இழுத்துக்கொண்டு போன வரலாற்றைப் பற்றியது.

ஒரு பழைய அடுப்புக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். அம்மாவுக்கு ரொம்ப நாளாகக் கை நடுக்கம். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் பால் பொங்கி வழிந்து கேஸ் அடுப்பின் தீ அணைந்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வாசனை பிடித்து ஓடிவந்து மூடினார். அந்தத் தீபாவளிக்குத்தான் மைக்ரோவேவ் வாங்கி வைத்தேன். இப்போது அது வேலை செய்யவில்லை என்றால் அம்மா மறுபடி கேஸ் அடுப்புக்குத்தான் போவார். போகவும் ஆரம்பித்திருந்தார்.

சர்வீஸ் ஆள் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டார். "போர்டு போச்சும்மா, அந்த மாடல் நின்னுபோச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லியிருக்கிறார். புதுசுக்குப் பணம் பிரச்சினை இல்லை. ஆனால் நான் பார்த்த புது மாடல்கள் பெரும்பாலும் தொடுதிரை. நடுங்கும் விரலுக்கு அது ஒத்துவராது. இந்தப் பழைய பெட்டியில் அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போகும் பட்டன்கள். எது எங்கே இருக்கிறது என்று அம்மா பார்க்காமலே தொடுவார். எனவே இதையே சரிசெய்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன். பி.இ. முடித்து இருபது வருடமாக மென்பொருள்தான் எழுதுகிறேன். சால்டரிங் இரும்பைக் கையில் எடுத்துப் பல வருடம் ஆகியிருந்தது.

ஞாபகமே தேவைப்படாத அடுப்பு

மைக்ரோவேவ் அடுப்பு பிறந்தபோது அதற்கு நினைவு என்று ஒன்று கிடையாது. அது போர்க்களத்திலிருந்து சமையலறைக்கு வந்த பொருள். 1940 பிப்ரவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டாலும் ஹாரி பூட்டும் கேவிட்டி மேக்னெட்ரான் என்ற குழலை இயக்கிக் காட்டினார்கள். எதிரி விமானத்தைத் துல்லியமாகக் காட்டும் ரேடாருக்கு அதுதான் உயிர். அதே ஆண்டு செப்டம்பரில் டிசார்ட் தலைமையிலான குழு அதில் ஒன்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. அங்கே ரேதியான் நிறுவனம் அதைப் பெருமளவில் தயாரித்தது. 1945இல் அந்த நிறுவனத்தின் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர், இயங்கிக்கொண்டிருந்த மேக்னெட்ரான் அருகே நின்றபோது சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகிப்போனதைக் கவனித்தார். அந்த அக்டோபரிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். 1947இல் விற்பனைக்கு வந்த ரேடாரேஞ்ச் ஆள் உயரம், முந்நூறு கிலோவுக்கு மேல் எடை. வீட்டு மேஜையில் வைக்கும் அளவில் அமானா நிறுவனம் கொண்டுவந்தது 1967இல்.

அந்தக் காலத்து அடுப்புகளில் திருகிவிடும் டைமர்தான் மூளை. கரண்ட் போனால் நிற்கும், வந்தால் மறுபடி திருகவேண்டும், அவ்வளவுதான். மறப்பதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை. 1970களின் நடுவில் நுண்செயலி உள்ளே நுழைந்தது. அதற்குப் பிறகு பட்டன், மணி, தானாகச் சமைக்கும் மெனு எல்லாம் வந்தன. இவற்றோடு கூடவே, "நான் எந்த மாடல்? எனக்கு எத்தனை வாட்? கிரில் உண்டா இல்லையா?" என்று தன்னைப் பற்றியே அடுப்பு நினைவு வைத்துக்கொள்ளவேண்டிய நிலைமையும் வந்தது. ஒரே போர்டைப் பத்து மாடலில் போட்டுவிட்டு, வித்தியாசத்தை மட்டும் ஒரு சின்ன சிப்பில் எழுதிவைப்பது தயாரிப்பாளருக்கு லாபம். அம்மாவின் அடுப்பு மறந்தது இதைத்தான்: தான் யார் என்பதை.

பிழையைத் தேடி

யாராவது இதைப் படித்துவிட்டு வீட்டில் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மைக்ரோவேவ் உள்ளே மேக்னெட்ரானுக்குப் போவது ஆயிரக்கணக்கான வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆளையே கொன்றுவிடும். அதை டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாதவர்கள் மூடியைத் திறக்கவே கூடாது. நானும் ரிப்பேர் கடை அண்ணன் ஒருவரை வரவழைத்து, அவர் அந்த வேலையை முடித்த பிறகுதான் கை வைத்தேன். கண்ட்ரோல் போர்டை மட்டும் தனியாகக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

முதலில் கதவு ஸ்விட்ச்தான் கெட்டிருக்கும் என்று நினைத்தோம். கடற்கரை ஊரில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. பார்த்தால் ஸ்விட்ச் நன்றாக இருந்தது. அடுத்து ஐந்து வோல்ட் சப்ளை. மல்டிமீட்டர் 4.9 காட்டியது, பரவாயில்லை. ஆனால் பிளக்கைப் பிடுங்கியதும் அந்த வோல்டேஜ் சட்டென்று விழுந்தது. கொஞ்ச நேரமாவது தாங்கவேண்டும். சப்ளையில் இருக்கும் 470 மைக்ரோஃபேரட் கண்டென்சர் தலை லேசாக உப்பியிருந்தது. அதை மாற்றினோம். வோல்டேஜ் இப்போது நிதானமாக இறங்கியது. ஆனாலும் அடுப்பு பழையபடி மணியை மட்டும் காட்டிவிட்டு, ஸ்டார்ட் அழுத்தினால் ஒரு பிழை எண்ணைக் காட்டி நின்றது.

அப்போதுதான் நுண்செயலிக்குப் பக்கத்தில் எட்டுக் கால் கொண்ட ஒரு சின்ன சிப் கண்ணில் பட்டது. தலையில் 24சி02 என்று எழுதியிருந்தது. இது எங்கள் துறையில் எல்லோருக்கும் பழகிய பேர்வழி. கரண்ட் போனாலும் மறக்காத நினைவகச் சிப், அதாவது ஈஈப்ரோம். பழைய டிவியில், பிரிண்டர் கார்ட்ரிட்ஜில், கம்ப்யூட்டர் ரேமில் என்று எங்கும் இந்தக் குடும்பத்துச் சிப் இருக்கும். கொள்ளளவு 2048 பிட், அதாவது 256 பைட். இந்தப் பத்தியில் இருக்கும் எழுத்துகள் கூட அதில் முழுதாக அடங்காது.

சிப்பைக் கழற்றி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி ரீடரில் மாட்டி, லேப்டாப்பில் படித்தேன். 256 பைட்டும் திரையில் வந்தது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் வரிசையாக எட்டு பைட்: எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப்... எல்லா பிட்டும் ஒன்று. இந்த வகைச் சிப்பில் அதற்கு அர்த்தம் 'வெற்றிடம்'. எழுதாத ஏடு.

எட்டு என்ற எண்ணைப் பார்த்ததுமே பொறி தட்டியது. பல 24சி02 சிப்கள் எட்டு பைட்டை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு எழுதக்கூடியவை. ஒரு பக்கத்தை எழுதும்போது சிப் முதலில் பழையதை அழிக்கும், பிறகுதான் புதியதைப் பதிக்கும். இரண்டுக்கும் சேர்த்துச் சில மில்லிவிநாடிதான் ஆகும். அந்த இடைவெளியில் வோல்டேஜ் விழுந்தால்? அழித்தாகிவிட்டது, எழுதவில்லை. இந்த அடுப்பு, கரண்ட் போவதை உணர்ந்ததும் அவசரமாகத் தன் கணக்கு ஒன்றை எழுதிவைக்கும்படி செய்யப்பட்டிருந்தது. உப்பிய கண்டென்சர் அந்தச் சில மில்லிவிநாடி அவகாசத்தைக் கொடுக்கவில்லை. லோ வோல்டேஜ் வந்து வந்து போகும் ஒரு சாயங்காலம் அது நடந்திருக்கவேண்டும். அந்தக் கணக்கு இருந்த அதே பக்கத்தில்தான் மாடல் விவரமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து போனது. அடிக்கடி மாறுவதையும் மாறவே கூடாததையும் ஒரே பக்கத்தில் வைப்பது எங்கள் துறையில் இன்றும் நடக்கும் தவறு. நானும் செய்திருக்கிறேன்.

கெட்டுப்போன சிப்பிலிருந்து பிறந்த சிப்

இந்த இடத்தில் ஒரு வரலாற்றைச் சொல்லாமல் போக முடியாது. மறக்காத சிப் என்ற பொருளே ஒரு மெமரி சிப் ரிப்பேரிலிருந்து வந்ததுதான்.

கரண்ட் போனாலும் மறக்காத நினைவகம் அதற்கு முன்னாலும் இருந்தது. சின்னச் சின்னக் காந்த வளையங்களைக் கம்பியில் கோத்து, ஒவ்வொரு வளையத்திலும் ஒரு பிட் வைப்பார்கள். இந்தியாவில் முதன்முதலாக உருவாக்கப்பட்ட பெரிய கணினியான டிஃப்ராக்கிலும் நினைவகம் அப்படிக் கோத்ததுதான். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1950களில் அதைக் கட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன். நல்ல நினைவகம்தான், ஆனால் வளையம் வளையமாகக் கோத்து முடிக்கவேண்டும். சமையலறைப் பெட்டிக்குள் வராது.

1967இல் பெல் ஆய்வகத்தில் டாவன் காங், சைமன் சீ இருவரும் வேறு ஒரு யோசனையை வெளியிட்டார்கள். நாலாபுறமும் மின்கடத்தாப் பொருளால் மூடிய ஒரு தீவுக்குள் எலக்ட்ரான்களை அடைத்துவைத்தால், அவை வெளியே வர வழியில்லை. கரண்ட் இருந்தாலும் போனாலும் அங்கேயே கிடக்கும். அடுக்கடுக்கான கேக்கைச் சாப்பிடும்போது உதித்த யோசனை என்று சீ பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அதைச் சந்தைக்கு வரும் சிப்பாக்கியவர் வேறொருவர்.

டோவ் ஃப்ரோமன் 1939இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த யூதர். நாஜிகள் வந்தபோது பெற்றோர் அவரை ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திடம் ஒப்படைத்துக் காப்பாற்றினார்கள். பெற்றோர் திரும்பவில்லை. 1969இல் இன்டெல்லில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று, 1101 என்ற 256 பிட் நினைவகச் சிப்பின் கோளாறைக் கண்டுபிடிப்பது. அதிக வெப்பத்திலும் ஈரத்திலும் சோதித்தால் அது கெட்டது. மின்னூட்டம் போகக்கூடாத இடத்துக்கு நகர்வதுதான் காரணம் என்று ஃப்ரோமன் கண்டார். வேறு யாராக இருந்தாலும் அதைச் சரிசெய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். வேண்டாத இடத்தில் மின்னூட்டம் போய்த் தங்குகிறது என்றால், வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே தங்கவைத்தால் என்ன?

1971 பிப்ரவரியில் அவர் அறிவித்த ஈப்ரோம், 1702 என்ற பெயரில் வந்தது. முதுகில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். புற ஊதா விளக்கில் காட்டினால் எல்லாம் அழிந்துபோகும், மறுபடி எழுதலாம். அதே ஆண்டுதான் இன்டெல்லின் முதல் நுண்செயலியும் வந்தது. நுண்செயலிக்கு வேண்டிய கட்டளைகளை எழுதி, தப்பானால் அழித்து, மறுபடி எழுதிப் பார்க்க ஈப்ரோம் இல்லாவிட்டால் பொறியாளர்கள் தவித்திருப்பார்கள். அந்த 1702இன் கொள்ளளவு 2048 பிட். அம்மா அடுப்பில் இருக்கும் சிப்பும் அதே அளவு. அரை நூற்றாண்டு கழித்தும் ஒரு அடுப்புக்குத் தன்னை நினைவு வைத்துக்கொள்ள அதே 256 பைட் போதுமாக இருக்கிறது.

விளக்கில் காட்டாமல் மின்சாரத்தாலேயே அழிக்கும் ஈஈப்ரோம் 1970களின் இறுதியில் வந்தது. இன்டெல்லில் ஜார்ஜ் பெர்லெகோஸ் முக்கியப் பங்கு வகித்தார். மிக மெல்லிய மின்கடத்தாச் சுவரை எலக்ட்ரான் 'துளைத்து' மறுபக்கம் போவதுதான் அதன் சூட்சுமம். இந்த விளைவுக்கு ஃபவ்லர், நார்டைம் என்ற இருவரின் பெயர். 1928இல் எழுதப்பட்ட கட்டுரை. அந்த ரால்ஃப் ஃபவ்லர்தான் 1930இல் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜ் போன சந்திரசேகருக்கு ஆய்வு வழிகாட்டி. நட்சத்திரங்களின் மரணத்தை மாணவர் கணக்கிட்டார், ஆசிரியரின் சமன்பாடு அம்மாவின் பால் அடுப்பு வரை வந்திருக்கிறது!

சுவரைத் துளைக்க ஐந்து வோல்ட் போதாது. சிப்பே உள்ளுக்குள் அதைப் பதினைந்து, இருபது வோல்ட் வரை ஏற்றிக்கொள்ளும். வெளியே வோல்டேஜ் தள்ளாடினால் உள்ளே அந்த ஏற்றமும் தள்ளாடும். எங்கள் சிப்பின் கதை அங்கேதான் முடிந்தது.

மூன்று பிரதிகள்

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் போன எட்டு பைட்டை எங்கிருந்து கொண்டுவருவது? தயாரிப்பாளர் இந்த விவரத்தை வெளியே கொடுப்பதில்லை. ஒரே வழி, இதே மாடல் வேறு எங்காவது நல்ல ஞாபகத்தோடு இருக்கவேண்டும்.

சீர்காழியில் சித்தி வீட்டில் இருந்தது. அதே தீபாவளி ஆஃபரில் வாங்கியது. "எடுத்துக்கிட்டுப் போய்க் கெடுத்துடாதடா" என்று சித்தி கூடவே நின்றார். சிப்பைப் படித்துவிட்டு உடனே திருப்பி மாட்டிக்கொடுத்தேன். அப்படியே நகல் எடுத்து எங்கள் சிப்பில் போட்டுவிடலாமே என்று தோன்றும். கூடாது. கெடாத பைட்டுகளை ஒப்பிட்டாலே பல இடத்தில் வித்தியாசம் இருந்தது. சில இடம் வரிசை எண் போலத் தெரிந்தது. சில இடம் அந்தந்த அடுப்புக்கென்று தொழிற்சாலையில் வைத்த அளவாக இருக்கலாம். இரண்டு பிரதி வேறுபட்டால் எது பொது, எது தனி என்று சொல்ல முடியாது. மூன்றாவது வேண்டும்.

ரிப்பேர் கடை அண்ணன் மயிலாடுதுறையில் விசாரித்து, காயலான் சாமானில் கிடந்த ஒரு போர்டைப் பிடித்தார். மேக்னெட்ரான் எரிந்து தூக்கிப்போட்ட அடுப்பு. ஆனால் எட்டுக் கால் சிப் முழு ஞாபகத்தோடு இருந்தது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சின்ன நிரல் எழுதி ஒப்பிட்டேன். அம்மாவின் சிப்பில் காணாமல் போன எட்டு இடங்களில், ஆறில் மற்ற இரண்டு பிரதியும் ஒத்துப்போயின. அவை மாடல் விவரம். மிச்சம் இரண்டில் வேறு வேறு எண். சித்தி அடுப்பில் ஒரு முறை சுட வைத்துவிட்டு மறுபடி படித்தபோது அந்த இடம் மட்டும் ஒன்று கூடியிருந்தது. ஆக அது எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு. அம்மா எட்டு வருடத்தில் எத்தனை முறை பால் சுட வைத்தார் என்பது இனி யாருக்கும் தெரியாது. அதை ஊகித்து எழுத மனம் வரவில்லை. பூஜ்யம் போட்டேன்.

கடைசி பைட் சரிபார்ப்பு எண். மற்ற 255ஐயும் கூட்டி அதோடு சேர்த்தால் கடைசி இரண்டு இலக்கம் பூஜ்யமாக வரவேண்டும் என்பதை இரண்டு நல்ல பிரதிகளிலும் பார்த்து உறுதிசெய்தேன். நம் கூட்டலுக்கு ஏற்ப அதையும் மாற்றி எழுதி, சிப்பை மாட்டினேன்.

ஏடு

சித்தி வீட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, மடியில் லேப்டாப், மனசில் உ.வே.சாமிநாதையர். நான் செய்துகொண்டிருந்தது அவர் செய்த வேலையின் பொம்மை வடிவம் என்று அப்போதுதான் உறைத்தது.

நான் வளர்ந்த ஊரின் பெயரை எனக்குத் தெரியவைத்தது பாடப்புத்தகம். வீட்டுக்குப் பக்கத்திலேயே 1973இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம். ஆனால் உ.வே.சா. சிலப்பதிகாரத்தை முழுமையாக உரையோடு பதிப்பித்தது 1892இல்தான். மணிமேகலை 1898இல். அதற்கு முன் அவை அங்கங்கே சில வீடுகளில், மடங்களில், பனையோலையில் மட்டும் இருந்தன. படித்தவர்களே பலர் அவற்றைக் கண்ணால் கண்டதில்லை. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், அங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் பழைய நூல்களைப் பற்றிக் கேட்ட கேள்விதான் அவரை இந்தப் பக்கம் திருப்பியது.

ஓலைக்கும் சிப்புக்கும் வியாதி ஒன்றுதான். மஞ்சள் பூசி, கட்டி, பத்திரமாக வைத்தால் நம் வெயிலிலும் ஈரத்திலும் ஓலை இருநூறு முந்நூறு வருடம் தாங்கும். சிப் தயாரிப்பாளரும் தாளில் நூறு வருடம் என்று போடுகிறார். இரண்டுமே பெரும்பாலும் வயதாகிச் சாவதில்லை. மறுபடி படி எடுக்காமல் விடும்போதுதான் சாகின்றன. ஆடிப்பெருக்கில் பழைய ஏட்டை ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. புது ஓலையில் எழுதிவிட்டுப் பழையதை விட்டால் அது சடங்கு. எழுதாமல் விட்டால், எங்கள் சிப் செய்ததுதான்: அழித்தாயிற்று, எழுதவில்லை.

ஓலையில் பிழை நுழையும் விதமும் பொறியாளருக்குப் பழகியதுதான். பழைய ஓலைகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும். மெய்யா உயிர்மெய்யா என்று படிப்பவர்தான் முடிவுசெய்யவேண்டும். எகர ஏகாரத்துக்கு வித்தியாசம் இருக்காது. 'ர'வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பிட் மாறினால் சொல்லே மாறும். அதனால்தான் அவர் ஒரு பிரதியை நம்பவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பிரதி சேர்த்து, ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களைப் பாடபேதம் என்று குறித்துவைத்தார். கூடவே தமிழுக்கு ஒரு சரிபார்ப்பு எண் உண்டு: யாப்பு. எழுத்து மாறினால் பல இடங்களில் தளை தட்டும், எதுகை உதைக்கும். எங்கோ பிழை இருக்கிறது என்று செய்யுளே கத்திவிடும். ஆனால் சரியான எழுத்து எது என்று அது சொல்லாது. அதற்கு இன்னொரு பிரதியோ, விஷயம் தெரிந்த ஆளோ வேண்டும். மணிமேகலையின் பௌத்தக் கருத்துகள் பிடிபடாமல் நின்றபோது அவர் மளூர் ரங்காசாரியாரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். இன்று பூம்புகாரில் பல்லவனேஸ்வரத்தில், தொல்லியல் துறை தோண்டி எடுத்த புத்த விகாரையின் செங்கல் அடித்தளத்தைப் போய்ப் பார்க்கலாம். ஓலை சொன்னதை மண்ணும் ஒப்புக்கொள்கிற மாதிரி.

எல்லாப் பக்கமும் திரும்பக் கிடைத்துவிடவில்லை. சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய அருமையான உரை இருக்கிறது. ஆனால் கானல்வரிக்கு அவர் உரை கிடைக்கவில்லை. கானல்வரி நடப்பது எங்கள் கடற்கரையில். கோவலனும் மாதவியும் பிரிந்த இடம். சரியாக அந்த இடத்தில் எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப். நல்லவேளை, அரும்பதவுரை என்று இன்னொரு பழைய உரை, சுருக்கமானதுதான் என்றாலும், முழு நூலுக்கும் இருக்கிறது. இரண்டாவது பிரதியின் அருமை முதல் பிரதி கெடும்போதுதான் தெரியும்.

புறநானூற்றை எடுத்துப் பாருங்கள். 267, 268 என்ற எண்கள் இருக்கும், பாட்டு இருக்காது. கிடைக்கவில்லை. நானூறு என்று பெயர் இருக்கிறதே என்று யாரும் இரண்டு பாட்டை இட்டுக்கட்டி நிரப்பவில்லை. அம்மாவின் கணக்கில் நான் பூஜ்யம் போட்டது நேர்மை என்று அன்று எனக்குத் தைரியம் கொடுத்தது அந்த வெற்று எண்கள்தான்.

முடிவாக

அடுப்பு ஓடுகிறது. போர்டை மாட்டி, ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து அம்மாவையே அழுத்தச் சொன்னேன். விரல் நடுங்கிக்கொண்டே போய்ச் சரியான பட்டனில் இறங்கியது. 'டக்'. தட்டு சுற்ற ஆரம்பித்தது. "ஞாபகம் வந்துடுச்சா?" என்றார். சித்தி வீட்டிலிருந்து வாங்கி வந்தேன் என்றேன். சிரித்தார்.

இப்போது அடுப்புக்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் இருக்கிறது. சரியான 256 பைட் என் லேப்டாப்பில், ஒரு பென்டிரைவில், ரிப்பேர் கடை அண்ணனின் கம்ப்யூட்டரில் என்று மூன்று இடத்தில் இருக்கிறது. இதே மாடல் யாருக்காவது இதே மாதிரி நின்றால் அவரிடம் கிடைக்கும்.

அன்று ராத்திரி ஒரு கேள்வி தூங்கவிடவில்லை. இந்த வீட்டில் ஒரே பிரதியாக வேறு என்ன இருக்கிறது? அம்மா சின்ன வயதில் நடவுக்குப் போனவர். அந்தப் பாட்டுகள் முப்பது நாற்பது அவருக்குத் தெரியும். இப்போது நடவு மிஷின் வந்துவிட்டது, வயலில் பாடுகிறவர் யாருமில்லை. எனக்கு ஒன்றுகூட முழுசாகத் தெரியாது. மறுநாள் காலை போனை மேஜையில் வைத்து, பாடும்மா என்றேன். "இதெல்லாம் எதுக்குடா" என்று வெட்கப்பட்டுவிட்டு இரண்டு பாடினார். மூன்றாவதில் நடுவில் ஒரு அடி நினைவுக்கு வரவில்லை. "சித்தியக் கேளு, அவளுக்குத் தெரியும்" என்றார்.

அடுத்த வாரம் மறுபடி சீர்காழி போகிறேன்.